ஹார்லன் கிராஸிங்குக்கு வந்த மருத்துவ பஸ்

பில்லிங்ஸ், மொன்டானா
ஜனவரி 11, 2010

பிரியமுள்ள எம்மெட்,

நீ போனை எடுக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். பிரிந்துபோனவள் கடிதம் என்று அடுப்பில் போட்டுவிடாதே, முழுவதும் படி.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ பஸ்ஸை நான் ஓட்டப்போகிறேன்! உள்ளேயே இரத்தப் பரிசோதனை, இதயத்துடிப்பு பார்க்கும் கருவி, நகரத்து டாக்டரிடம் முகம் பார்த்துப் பேச ஒரு திரை. முதல் பயணம் எங்கே தெரியுமா? நம் ஊருக்குத்தான். பிப்ரவரி நான்காம் தேதி தீயணைப்பு நிலைய வாசலில் நிற்போம்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பகல், திரும்ப ஒரு பகல், மாட்டுக்கு யார் தீனி போடுவது என்பாய். அது பொய்யில்லை. ஆனாலும் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களஞ்சியத்தில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் கிளம்பினேன். இப்போது ஆஸ்பத்திரியே உன்னிடம் வருகிறது. வந்து காட்டு.

லொரெட்டா

ஹார்லன் கிராஸிங்
ஜனவரி 20

லொரெட்டா,

உன் செய்தியைக் கபேயில் சும்மா சொல்லிவைத்தேன். டெல்மர் சிரித்தான்.

"வியட்நாம்லேர்ந்து வந்து நாப்பது வருஷம் ஆச்சு. இப்பத்தான் கவர்மெண்டுக்கு நம்ம விலாசம் கெடச்சுதாக்கும்?"

"ஓட்டிட்டு வர்றது என் பொண்டாட்டி. வழி தவற மாட்டா."

"உன்ன விட்டுட்டுப் போனாளே, அவளா?"

"அவளேதான். நீ காலக் கழுவிட்டு வந்து காட்டு."

கபேயே சிரித்தது, அவனும்தான். சர்க்கரை வியாதியில் அவன் பாதத்தில் புண். யாரிடமும் காட்டாமல் பூட்ஸுக்குள் மறைத்துவைத்திருக்கிறான். அன்றிலிருந்து ஊரில் இதே பேச்சு. பஸ் நிற்க இடம் வேண்டுமென்று தீயணைப்பு நிலைய வாசலில் நாங்களே பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

நான் உள்ளே ஏறுவேன் என்று சொல்லவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் பனி மேடு கட்டியிருக்கிறது. பார்த்து வா.

எம்மெட்

ஹார்லன் கிராஸிங்
பிப்ரவரி 6

பிரியமுள்ள எம்மெட்,

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

நீ சொன்ன அதே பனி மேட்டில்தான் பஸ் புதைந்தது. நீயும் டெல்மரும் டிராக்டரோடு வந்தீர்கள். சங்கிலி போட்டு இழுத்து வெளியே எடுத்தாய். அதை அவிழ்க்க இறங்கியவன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாய். எங்கள் பஸ் நர்ஸ் ரமோனாவும் நானும் உன்னை உள்ளே தூக்கிப்போட்டோம்.

திரையில் வந்த டாக்டர், "எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

நீ, "சங்கிலிய இன்னும் அவுக்கல" என்றாய்.

"மாரடைப்பு. ரத்தக் கட்டக் கரைக்கிற மருந்த உடனே குடுங்க, ஹெலிகாப்டர் அனுப்புறேன்" என்றார் டாக்டர். அது வரும்வரை உன் கையை நான் விடவில்லை. நீதான் விடச்சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாய்.

நீ பறந்த பிறகு பஸ்ஸைத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓட்டிப்போனேன், அங்கே காத்திருந்த ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வரிசையில் நின்றார்கள். டெல்மர் முதலில் பூட்ஸைக் கழற்றினான். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்குமாம். இப்போது மருந்திலேயே ஆறிவிடும் என்கிறார்கள்.

நான் விடுப்புப் போட்டுவிட்டு உன் மாடுகளுக்குத் தீனி போடுகிறேன். இன்று காலை கன்று ஒன்று பிறந்தது, நல்ல திடம். தைரியமாக இரு.

லொரெட்டா

பில்லிங்ஸ், ஆஸ்பத்திரி
பிப்ரவரி 11

அன்பு லொரெட்டா,

அடைப்பை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறச்சொன்னார்கள். ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. நம்பாமல் இறங்கி மறுபடியும் ஏறினேன். நர்ஸ் என்னை அதட்டி உட்காரவைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வடக்கே ஒரு பண்ணைக்காரர். "உங்க ஊருக்கு பஸ்ஸே வருதா?" என்று வாயைப் பிளந்தார். "என் பொண்டாட்டி ஓட்டுறா" என்றேன். அவர் ஊருக்கும் வருமா என்று கேட்கிறார். கேட்டுச் சொல்.

வரும் செவ்வாய்க்கிழமை விடுவார்களாம். நான் வரும்போது நீ அங்கே இருப்பாயா? போனில் கேட்க வாய் வரவில்லை.

எம்மெட்

ஹார்லன் கிராஸிங்
பிப்ரவரி 13

என் எம்மெட்,

அவர் ஊருக்கும் வருவோம் என்று சொல். நேற்று மேலதிகாரி பேசினார். வடக்கே உள்ள ஊர்களுக்கெல்லாம் போய்வர வசதியாக, பஸ்ஸை இனி நம் தீயணைப்பு நிலையத்திலேயே நிறுத்திவைக்கப்போகிறார்கள். ஓட்டுகிறவளும் இங்கேயே தங்க வேண்டுமாம்.

கபேயில் வீடு விசாரித்தேன். "ஊர்ல காலி வீடே இல்ல. எம்மெட் வீடுதான் கெடக்கு" என்றான் டெல்மர்.

"அது காலி வீடு இல்ல, என் புருஷன் இருக்காரு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நானே வந்து அழைத்துவருகிறேன். தயாராக இரு.

உன் லொரெட்டா