ஆறு மாதம் ஓட்டக் கூடாத வண்டி

நவம்பர் 4
டாக்டர் இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். வலிப்பு வந்தவன் ஆறு மாதம் பைக்கைத் தொடக் கூடாது. அதற்குள் இன்னொரு முறை வந்தால் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து. நான் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன், வண்டி இல்லாமல் எப்படி என்று கேட்டேன். நடக்கலாம், உடம்புக்கு நல்லது என்றார். பிறகு தன் காரில் ஏறிப் போனார்.

நவம்பர் 6
மச்சானுக்குப் போன் செய்தேன். மனைவியின் அண்ணன், மெக்கானிக். என் உடம்பைப் பற்றி ஒரு நிமிடம் விசாரித்தார், வண்டியைப் பற்றி அரைமணி நேரம். பின்பக்கக் கொட்டகையில் வெயிலே படாது, மழைக்காலம் முழுக்க ஈரம் என்றேன். அவர் சொன்னவை: கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டும். காலியாக இருந்தால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். செயினுக்கு ஆயில். சைலன்சர் வாயில் துணி. மேலே பழைய போர்வை. பிளாஸ்டிக் மட்டும் கூடவே கூடாது.

நவம்பர் 8
பெட்ரோல் பங்க் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார் பங்க்காரர். ஆமாம் என்றேன். வழிய வழிய நிரப்பிக்கொண்டு, திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தேன். திருப்பம் வரும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பேட்டரியை அலமாரியில் வைத்தேன். என் மனைவி வந்து பார்த்தாள். தன் துணிகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

நவம்பர் 20
கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. போர்வைக்கு மேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன். மச்சானுக்கு வண்டி தெரியும். தண்ணீர் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அதைத்தானே பார்க்கிறேன்.

டிசம்பர் 2
அலுவலகத்தில் எனக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். வேலை இன்னும் கொடுக்கவில்லை.

டிசம்பர் 18
பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். உள்ளே மழை பெய்த மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். சக்கரக் கம்பிகளிலும் ஹேண்டில்பாரிலும் பழுப்புப் புள்ளிகள். மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிளாஸ்டிக்கா?" என்றார். அவ்வளவுதான்.

நைஸ் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இவள் ஒரு முக்காலியோடு வந்தாள். "முன் சக்கரம் உங்களுது, பின் சக்கரம் என்னுது" என்றாள்.

ஜனவரி 22
ஞாயிறுதோறும் இரண்டு பேரும் கொட்டகையில். துடைப்பது, ஆயில் போடுவது, சக்கரத்தைச் சுற்றிவிடுவது. இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. பேச்சு பூராவும் கிளட்ச் பற்றித்தான்.

மார்ச் 11
சமையலறையில் விழுந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. நாக்கைக் கடித்திருக்கிறேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார்.

நாலு மாசம் போச்சு. திரும்பவும் முதல்லேர்ந்து. யாருக்காக அந்த வண்டியத் துடைச்சிக்கிட்டு இருக்கேன்? இனி வராதுன்னு யார் சொல்ல முடியும்? பயமா இருக்கு — இவகிட்ட சொல்லல. தெரியாமலா இருக்கும்?

மார்ச் 19
விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு பள்ளி ஆசிரியர் பார்க்க வந்தார். டார்ச் அடித்து வண்டியின் அடிவயிறு வரை தேடினார். துரு அகப்படவில்லை. எப்படி இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொல்லத் தொடங்குவதற்குள் இவள் வெளியே வந்து, வண்டி விற்பதாக இல்லை என்று அவரை மரியாதையாக அனுப்பிவிட்டாள்.

பிறகு என்னிடம், "எனக்கு ஓட்டக் கத்துக்கொடுங்க."

வண்டி கனம், உனக்கு நாற்பத்தாறு வயசு, சரிவராது என்றேன்.

"பின் சக்கரத்த மூணு மாசமா நான்தானே சுத்துறேன். மிச்சத்தையும் சுத்திக்கிறேன்."

ஏப்ரல் 2
காலி மைதானத்தில் பாடம். மூன்று முறை இன்ஜினை ஆஃப் ஆக்கிவிட்டாள். நான்காவது முறை வேலியை நோக்கிப் போனாள். நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, நிதானமாகத் திரும்பி வந்து கேட்டாள்: "நீங்க கத்துக்கொடுக்கிறீங்களா, கத்துறீங்களா?"

அதற்குப் பிறகு மச்சான் வந்து கற்றுக்கொடுக்கிறார்.

மே 30
லைசென்ஸ் வாங்கிவிட்டாள். போட்டோவில் முறைக்கிறாள்.

ஜூன் 14
புது மாத்திரை ஒத்துக்கொண்டது, மூன்று மாதமாக ஒன்றும் இல்லை. ஓட்டுவது அப்புறம், பின்னால் உட்காரலாம் என்றார் டாக்டர்.

ஜூன் 27
என் தெருக்களை எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் இவள் என்னைக் கூட்டிப்போகிறாள். நான் மீட்டர் பார்த்து முடிக்கும்வரை தெருமுனையில் வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள். ஒரு வீட்டம்மா, "டிரைவர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம், கொஞ்சம் கோபக்காரர் என்றேன்.

வளைவில் நான் விறைப்பாக உட்காருவதால் வண்டி இழுக்கிறது என்று போன வாரம் முழுக்கத் திட்டினாள். இன்று திட்டவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் யோசித்தேன் — எல்லா வளைவிலும் அவளோடு சேர்ந்து நானும் சாய்ந்திருக்கிறேன்.