ஏழு சுற்று

ஜூன் 14

என் சாக்பீஸ்காரிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், என் தொண்டை ஒன்றைத் தவிர. நீ மாற்றலாகிப் போன கையோடு, உன் ஏழாம் வகுப்பை ஹெட்மாஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். ஆறு வருடமாக நம் வகுப்புகளுக்கு நடுவே இருக்கும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள், இப்போது உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ஒரு கால் ஆடுகிறது, போகும்போது சொல்லக்கூடாதா?

நேற்று அறிவியல் வகுப்பில், "ஈரத்துணி காத்துல சீக்கிரம் காயுது, மூடின ரூம்ல காயமாட்டேங்குது. ஏன்?" என்று கேட்டேன். ஒரு வாயும் திறக்கவில்லை. வழக்கம்போல நானே பதிலைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஜன்னலோரத்து இரட்டைச்சடைக்காரி எழுந்து, "டீச்சர், ரெண்டு சுத்துக்குத்தான் நேரம் ஆச்சு. அவங்க ஏழு சுத்து வரைக்கும் சும்மா இருப்பாங்க" என்கிறாள். அது என்ன சுற்று? எனக்கு வயிறு எரிந்தது, போ.

உன் பக்கத்து அறைக்காரி

ஜூன் 25

பக்கத்து அறைக்காரிக்கு,

உன் கடிதத்தை இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். புதுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வீடு திரும்ப ஆறு மணியாகிவிடுகிறது. மகள் நாலு மணிக்கே வந்து தானே பூட்டைத் திறந்துகொண்டு தனியாக இருக்கிறாள். "பயமா இருக்காடி?" என்றால், "ரேடியோ போட்டுக்கறேன்மா" என்கிறாள்.

சுற்று பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு, சாக்பீஸை விரலுக்குள் ஏழு முறை மெதுவாகச் சுற்றுவேன். அந்த நேரம் நமக்குத்தான் நீளம், பிள்ளைகளுக்கு யோசிக்கவே பற்றாது. அதன் பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதலிலேயே ஒருத்தியைக் கூப்பிட்டால் மற்ற முப்பது பேரும் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுவார்கள். சரியான பதில் வந்தாலும் உடனே தலையாட்டிவிடாதே, "எப்படித் தெரியும்?" என்று கேள். 'ஆமா', 'இல்ல' என்று தப்பித்துக்கொள்ளும் கேள்வியை மட்டும் கேட்காதே.

நாற்காலிக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வை.

சாக்பீஸ்காரி

ஜூலை 16

என் சாக்பீஸ்காரிக்கு,

பலித்துவிட்டது. நாலாவது சுற்றில் பதில் தொண்டை வரை வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆறாவதில், இதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரி, "மூடின ரூம்ல காத்துக்கு வயிறு ரொம்பிடுது டீச்சர். அதுக்கப்புறம் தண்ணி குடிக்காது" என்றாள். "எப்படித் தெரியும்?" என்றேன். அவ்வளவுதான், மணி அடிக்கும் வரை ஆளுக்கு ஆள் வாக்குவாதம்.

அப்புறம் இரட்டைச்சடை வந்து, "இன்னைக்கு அவங்க மாதிரியே எடுத்தீங்க டீச்சர்" என்றாள். பாராட்டுகிறாளாம். நன்றாக நடத்தினால் அது நீ, சொதப்பினால் அது நான். வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்கு உன்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி என் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு உன் வகுப்பைக் காதுகொடுத்துக் கேட்டாரே, அன்றைக்கு வந்தது. இரண்டு பஸ் தூரம் போயும் நீ என்னை விடவில்லை.

பக்கத்து அறைக்காரி

ஜூலை 27

பக்கத்து அறைக்காரிக்கு,

பொறாமை என்று நீயே சொல்லிவிட்டாய். அதனால்தான் இதைக் கேட்கத் துணிகிறேன். மாற்றல் உத்தரவைத் தந்த அன்று ஹெட்மாஸ்டர் என்னிடம் ஒரு புகார்க் கடிதத்தையும் காட்டினார், கையெழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. 'அந்த வகுப்பின் சத்தத்தால் பக்கத்து அறையில் பாடம் நடத்த முடியவில்லை.' என் அறைக்கு ஒரு பக்கம் மாடிப்படி. இன்னொரு பக்கம் நீ.

எழுதியது நீயா என்று கேட்கமாட்டேன். என் கேள்வி இதுதான்: அந்தத் தடுப்பு வழியாக உனக்கு என்னதான் கேட்டது?

சுற்ற ஆரம்பித்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு சுற்று.

சாக்பீஸ்காரி

ஆகஸ்ட் 31

ஐந்தாவது சுற்று. நீ யோசி, அவசரமில்லை. மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இன்றுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

சாக்பீஸ்காரி

செப்டம்பர் 14

என் சாக்பீஸ்காரிக்கு,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இது ஐந்தாவது.

எழுதியது நான்தான். சத்தம் என்று எழுதினேன். உன் வகுப்பின் சத்தம் எனக்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. நீ ஒரு கேள்வி கேட்பாய், பிறகு உன் அறை அப்படியே அடங்கிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் என் பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தடுப்பைப் பார்ப்பார்கள். நான் முன்னால் நின்று பாடத்தை வாசித்துக்கொண்டிருப்பேன், அவர்கள் உதடு உன் கேள்விக்கு அசையும். ஒருநாள் என் உதடும் அசைந்தது. அன்று சாயங்காலமே புகாரை எழுதிவிட்டேன்.

நேற்று ஹெட்மாஸ்டரிடம், அந்தப் புகார் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதைக் கட்டைவிரலால் மறைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். உன்னை இங்கே வரவழைத்து, என்னை உன் இடத்துக்கு அனுப்பக் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் நாலு மணிக்கு எனக்காக யாரும் காத்திருப்பதில்லை. நாற்காலிக்கு அட்டை வைத்துவிட்டேன், இப்போது ஆடவில்லை.

மன்னிப்பாயா என்று கேட்கமாட்டேன். நீ 'ஆமா' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாய், எனக்கு உன்னைத் தெரியும். வேறு ஒன்று கேட்கிறேன். நீ திரும்பி வரும் நாளில், நான் கிளம்பும் முன், தடுப்புக்கு என் பக்கம் வந்து என்னிடம் என்ன சொல்வாய்?

சாக்பீஸ் இப்போது என் கையில். முதல் சுற்று.

உன் பக்கத்து அறைக்காரி