கேட்கிற வீணை

அண்ணி,

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பையன் அழுதான். உங்கள் வீணை பேசாமல் இருந்தது.

அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறான். கை வழுக்கி நெற்றியில் இடித்துக்கொண்டான். ஓடிப்போய்த் தூக்கினேன். வீடே அதிரும்படி அழுகை. அது ஓய்ந்த பிறகுதான் உறைத்தது, மூலையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்று. வெயிலுக்கு வீணைத் தண்டியில் மெட்டுகளைப் பதித்த கருமெழுகு இளகி அறை முழுக்க வாசனை. கோடையில் ஈரத்துணி போட்டு மூடுவீர்களே, அப்போது வருகிற அதே வாசனை. வீணை அங்கேயேதான் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை.

அவனை விளக்கடிக்குத் தூக்கிப்போய், கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தித் தொண்டைக்குள் பார்த்தேன். வீறிட்டான். அப்போதும் என் காது மூலையில்தான் இருந்தது. ஒன்றும் இல்லை.

நெற்றியில் அடிபட்ட பிள்ளைக்குத் தொண்டையை எதற்குப் பார்க்கிறாள் என்று கேட்பீர்கள். நீங்கள் போனபிறகு நடந்தது நிறைய இருக்கிறது, அண்ணி. உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு தருமபுரிக்கு வந்தபோது, நீங்கள் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிவந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உங்கள் பழைய வீணை தண்டியில் விரிசல் விட்டுப் பரணில் கிடந்தது. "தாலியறுத்தவளுக்குப் பாட்டு ஒரு கேடா" என்று உங்களைப் பெற்ற அத்தையே சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அரிசி புடைக்கும்போது முறத்தின் விளிம்பில் உங்கள் இடதுகை விரல்கள் மட்டும் தாமாக ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் தம்பி ஒருநாள், "பெங்களூர் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்துரலாங்க்கா" என்றார்.

பெங்களூர்ப் பேட்டையில் அந்தக் கடைக்காரர் இரண்டு வீணைகளைப் பாயில் கிடத்தினார். ஒன்று மைசூர் வேலை. கறுத்த மரம், ஒடுங்கிய உடம்பு, ஓரமெல்லாம் தந்தப் பூ. மற்றது தஞ்சாவூரிலிருந்து வந்தது. ஒரே பலாமரத்தில் குடைந்தது. குடம் பெருத்து, அலங்காரமே இல்லாமல், சமையல்கட்டுப் பெண்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மைசூர் வீணை நோடி அம்மா, பாருங்க. எத்தனை லேசு! பொம்பளக் கைக்கு இதான் சரி" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வீணையில் உங்கள் விரல் ஈரத் தரையில் சறுக்குவது போலப் போயிற்று. மெல்லிய கம்பி, தொட்டால் போதும். மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு ஸ்வரமும் மணி உதிர்ந்ததுபோல் தனித்தனியாக விழுந்தது. தஞ்சாவூர் வீணையோ முரடு. கமகத்துக்குக் கம்பியை இழுக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டீர்கள். எண்ணெய் தொட்டிருந்தும் விரல் நுனியில் பள்ளம் விழுந்துவிட்டது. ஆனால் நாலாவது கம்பியை, எல்லாவற்றிலும் கீழே நிற்கிற அனுமந்தரத்தை, நீங்கள் மீட்டினீர்கள் பாருங்கள். சத்தம் என் காதுக்கு வரவில்லை. பாய் வழியாக வந்து முழங்காலில் ஏறிற்று.

"அக்கா, லேசா இருக்கறதயே எடுத்துக்கலாங்க. தூக்கிக்கிட்டு ரெண்டு ரயிலு மாறணும்" என்றார் உங்கள் தம்பி.

நீங்கள் அவரைக் கவனிக்கவே இல்லை. "ஏ காலேஜு, இங்க வா" என்றீர்கள். "பேசு."

"என்ன பேசறதுங்க அண்ணி?"

"ரயில்ல பீத்திக்கிட்டு வந்தியே, மெட்ராஸ் காலேஜுல ஒரு இரும்புக் கவையத் தட்டினா பக்கத்துல இருக்கற இன்னொரு கவை தானா முனகும்னு. அத இங்க பாக்கலாம். நீ பேசு, எது முனகுதுன்னு நான் பாக்கறேன்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். வீட்டில் கேழ்வரகு மாவு தீர்ந்துபோனது, அதை அத்தையிடம் சொல்லாமல் வந்துவிட்டது, போனதும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது. கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்கள் மைசூர் வீணையின் கீழ்க்கம்பியில் ஒரு விரலைப் பட்டும்படாமல் வைத்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்கள். பிறகு தஞ்சாவூர் வீணை. உங்கள் புருவம் ஏறியது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தீர்கள். "இப்பப் பேசுடி." பேசினேன். உள்ளங்கைக்குள் பிடித்த பூச்சியின் சிறகு மாதிரி கம்பி நடுங்கியது.

"அது நல்லாப் பேசுது. இது நல்லாக் கேக்குது" என்றீர்கள். "பேசறதுக்கு எனக்கு ஆளு வேணாம். அதுக்குத்தான் வூட்டுல அம்மா இருக்குதே."

மொரப்பூரில் சின்ன ரயிலுக்கு மாறினோம். வெள்ளை வேட்டியில் சுற்றிய வீணை நம் மூன்று பேர் மடியிலும் நீளமாகக் கிடந்தது. எதிரே புளிமூட்டையோடு இருந்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பொணத்தச் சுத்துன மாதிரி?" என்றார்.

"பொணந்தாங்க. வூட்டுக்குப் போயித்தான் எழுப்பணும்" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அடுத்த நிலையத்தில் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார். தருமபுரி வரும்வரை நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

நான் உண்டாகியிருந்த கோடையில் ஒரு மத்தியானம் குடத்தை என் வயிற்றின்மேல் சாய்த்து அனுமந்தரத்தை ஒரு தடவை மீட்டினீர்கள். உள்ளே பிள்ளை உதைத்தது. இன்னொரு தடவை மீட்டினீர்கள். இன்னொரு உதை. "கேட்டுச்சுடி அவனுக்கு! என் மருமவன் காதுகாரன்" என்று கத்தினீர்கள். அத்தைகூட அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

சின்ன ரயில் நின்றுபோய், உலக யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த சமயத்தில் உங்களுக்கு அந்த விஷக்காய்ச்சல் வந்தது. படுக்கையிலிருந்து நீங்கள் கேட்டதெல்லாம் இரண்டுதான். ஒன்று, "பேசு". நான் பக்கத்தில் உட்கார்ந்து என்னத்தையாவது பேசிக்கொண்டே இருப்பேன். மற்றது, "அந்த அனுமந்தரத்த மட்டும் சுருதி எறக்கிப் போட்றாத புள்ள. நிக்கற எடத்துலயே நிக்கட்டும்." என் பேச்சின் நடுவிலேயே போய்விட்டீர்கள். அது தெரியாமல் நான் கொஞ்சநேரம் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனி நடந்ததுதான் தெரியாது.

பையன் நம் வீட்டில்தான் பிறந்தான். அவன் முதல் அழுகைக்கு, மூலையில் துணிபோட்டு மூடியிருந்த உங்கள் வீணை "ம்ம்ம்" என்றது. வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்த அத்தை அதை அப்படியே கீழே போட்டுவிட்டார். "வந்துட்டா. எம்பொண்ணு வந்துட்டா" என்று தரையில் உட்கார்ந்தவரை எழுப்ப முடியவில்லை.

அன்றிலிருந்து அவன் அழும்போதெல்லாம் அது முனகியது. நான் காலேஜ் பாடத்தை எடுத்துச் சொன்னேன். "இது அனுநாதங்க அத்தை. பிள்ளையோட குரலும் கம்பியோட சுருதியும் ஒத்துப் போவுது. அவ்வளவுதாங்க."

"ஏம்மா, எல்லாம் படிச்சவதான் நீ. உனக்கு எதுக்குக் கை இப்பிடிச் சில்லுன்னு இருக்குது?" என்றார் அத்தை.

கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று எந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறது? அழுகை நின்ற பின்னும் அந்த முனகல் ஒரு மூச்சுக்கு நீளும். அந்த ஒரு மூச்சு நேரம் அறையில் எங்களோடு இன்னொருவர் இருப்பார். தொட்டிலில் அத்தை வேப்பிலை செருகினார். அந்த அறையில் யாரும் குரலெடுத்துப் பேசக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். நானும் கிசுகிசுத்தே பழகினேன். தாலாட்டுக்கூடக் கிசுகிசுப்புதான். எனக்குப் பயம் ஒன்றே ஒன்று. நீங்கள் நல்லவர்தான், அண்ணி. ஆனால் பிள்ளையில்லாமல் போனவர்.

அவன் உட்காரப் பழகிய சமயத்தில் அத்தை முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் அரூர் கொண்டுபோய், அங்கிருந்து தீர்த்தமலைக் கோயிலில் வீணையை விட்டுவிட வேண்டியது. "சாமிகிட்ட இருக்கட்டும். பச்சப்புள்ளயக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா நாம என்ன செய்யறது?" உங்கள் தம்பி வீணையைச் சுற்றப் பழைய வேட்டியைத் தேடி எடுத்து வைத்தார். நானும் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பையன் அழுதான். வீணை முனகவில்லை.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "போயிட்டா. நாம சொன்னது காதுல உழுந்துருச்சு. நல்லபடியாப் போயிட்டா." கண்ணில் நீர் ஓட, முகத்தில் நிம்மதி.

எனக்கு நிம்மதி வரவில்லை. துணியை விலக்கி அனுமந்தரத்தைத் தட்டிப் பார்த்தேன். உங்கள் சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். நீங்கள் விட்ட இடத்திலேயே நின்றது. கம்பி மாறவில்லை. அப்படியானால் மாறியது குரல். அவனைத் தூக்கி வாயருகே காதை வைத்தேன். அழுகை கரகரவென்று, நாய்க்குட்டி குரைப்பது மாதிரி இருந்தது. காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் சளி என்று கஷாயம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்போம்.

ஜட்கா பிடித்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்குப் பிடித்துத் தொண்டைக்குள் பார்த்தார். ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. தொண்டை அடைப்பான். ஊசியைப் போட்டுவிட்டு, "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டீங்களே, எப்படிம்மா?" என்றார். என்ன சொல்வது? "குரல் வித்தியாசமா இருந்துச்சுங்க" என்றேன்.

பிழைத்துக்கொண்டான். வீடு திரும்பிய அன்று அத்தை சாமி மாடத்துக்குப் போகவில்லை. நேரே வீணையின் முன்னால் போய் உட்கார்ந்தார். "ஏண்டி, இத வாயத் தொறந்து சொன்னா ஆவாதா? சும்மா இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்? சின்ன வயசுலயும் உனக்கு இதே புத்திதான்" என்று திட்டினார். நீங்கள் போனபிறகு அவர் உங்களிடம் பேசியது அன்றுதான். ரொம்ப நேரம் திட்டினார்.

வீணை தீர்த்தமலைக்குப் போகவில்லை. அதன்பிறகு அந்த ஒரு கம்பியை மட்டும் தினமும் சரிபார்ப்பது என் வேலையாயிற்று. பையன் அழுவான், அது முனகும், எனக்கு மூச்சு வரும். முன்பு எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ, அந்தச் சத்தம் இல்லாமல் போய்விடுமோ என்று பயப்பட்டேன்.

இப்போது புரிகிறதா, இன்று கரண்டிக் காம்பை ஏன் எடுத்தேன் என்று?

கம்பியையும் பார்த்துவிட்டேன், நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது. தொண்டை சுத்தமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. கேழ்வரகுக் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தான். உங்கள் தம்பி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "பயப்படாதம்மா. வளந்துட்டான். கொரலு மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒருமுறை மூலையைப் பார்த்தார்.

அவர் சொல்வது சரிதான். இது நோய் இல்லை. பிள்ளை உங்கள் சுருதியைத் தாண்டிப் போய்விட்டான். இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். நானோ வீணையின் முன்னால் போய் உட்கார்ந்து கம்பியை முறுக்குகிற பிருடையில் கை வைத்தேன். அரைச் சுற்று முறுக்கினால் கம்பி அவனுடைய புதுக்குரலுக்கு ஏறிவிடும். மறுபடி நீங்கள் முனகுவீர்கள். பிருடை என் விரலுக்குள் இருந்தது. நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்றீர்களே. கையை எடுத்துவிட்டேன்.

எனக்கு அழுகை வந்தது. அதற்குள் பையன் தூக்கத்தில் சிணுங்கினான். நான் கிசுகிசுக்க மறந்துபோனேன். பெங்களூர்க் கடையில் மாவு தீர்ந்ததைச் சொன்னேனே, அந்தக் குரலில், "ஒண்ணும் இல்லடா, அம்மா இங்கதான் இருக்கறேன், தூங்கு" என்றேன்.

துணிக்கு அடியிலிருந்து வீணை "ம்ம்ம்" என்றது.

நீங்கள் யாருடைய குரலை வைத்து அதைப் பொறுக்கி எடுத்தீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இது அனுநாதம்தான், அண்ணி. பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

நாளை முதல் இந்த அறையில் வாய்விட்டுப் பேசலாம் என்றிருக்கிறேன். வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. அதிலிருந்து தொடங்கலாம்.