ஜோதி விடுதிக்குத் திரும்பினார்

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாவது முறையாக அறிவிப்பு அனுப்பியாகிவிட்டது. "கல்லூரி மின்னஞ்சல் புதிய சர்வருக்கு மாறுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளவும்." இரண்டே வரி. இதைப் படிக்க நம் பேராசிரியர்களுக்கு நேரமில்லை. பொருளாதாரத் துறைத் தலைவர் போன் செய்கிறார்: "என்னம்மா பெலிண்டா, மெயில் எல்லாம் மாறுதாமே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "இதோ இன்னொரு தடவை அனுப்பிடுறேன் சார்" என்றேன்.

இந்த மனுஷர்களுக்கு சர்வீஸ் அக்கவுண்டுகள் எவ்வளவோ மேல். பின்னால் ஆள் கிடையாது. நூலகம், கட்டணப் பிரிவு, விடுதி என்று அந்தந்த மென்பொருள் தானே செய்தி அனுப்புவதற்கு ஆளுக்கொரு கணக்கு. பாஸ்வேர்டைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கும். வெள்ளிக்குள் அத்தனையையும் மாற்றிவிட வேண்டும். ஒரு செய்திகூடத் தொலையக் கூடாது என்று டோனியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவன் எனக்கு ஜூனியர்தான், ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

நூலகம் முடிந்தது. கட்டணப் பிரிவு முடிந்தது. முதுகு போய்விட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றைக்கு நானும் டோனியும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியாக ஸ்ரீரங்கம் பெண்கள் விடுதியின் கணக்கு. வாசலில் ஒரு பெண் அட்டையை வைத்தால், வெளியே போனாள், உள்ளே வந்தாள் என்று பெற்றோர் போனுக்குச் செய்தி போகும். அந்த வேலையைச் செய்வது இந்தக் கணக்குதான். போன வருஷம் செப்டம்பரில் பாஸ்வேர்டு காலாவதியாகி நாலைந்து நாள் பூட்டிக் கிடந்தது. அப்போது போகாமல் நின்ற செய்திகள் மென்பொருளுக்குள்ளேயே கிடந்திருக்கின்றன. இன்று புதிய பாஸ்வேர்டைக் கொடுத்ததும் 'அனுப்பப்படாதவற்றை அனுப்பவா?' என்று கேட்டது. ஒன்றும் தொலையக் கூடாதே என்று சரி கொடுத்துவிட்டேன். செய்தியில் மணி இருக்கும், தேதி இருக்காது. நினைவில்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் போன் ஓயவில்லை. லால்குடியிலிருந்து ஒரு அம்மா: "எம் பொண்ணு கல்யாணமாகி கோயம்புத்தூர்ல இருக்கா. அவ எப்பங்க உங்க விடுதிக்குத் திரும்பினா? மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு?" டோனி மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு அறிவிப்பு எழுதிவிட்டேன். முதல்வர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு காலையில் போகும்.

திட்டு கிடைக்கும். பரவாயில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் விடுதி வார்டன் நசீரா மேடம் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "பெலிண்டா, கொஞ்சம் கிளம்பி வாங்க. ஜோதியோட அப்பா வந்திருக்காரு."

எந்த ஜோதி என்று கேட்டேன். கேட்டேனே, பாவி.

வேதியியல் இரண்டாம் ஆண்டு ஜோதி. போன அக்டோபரில் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை. கல்லூரியில் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். நானும்தான் நின்றேன்.

காவிரிப் பாலத்தில் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. செய்தியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. 'தங்கள் மகள் ந. ஜோதி மாலை 6.12 மணிக்கு விடுதிக்குத் திரும்பினார்.' நான் சரி கொடுத்து அனுப்பியது. நான் சிரித்தது.

விடுதி வரவேற்பறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நல்லதம்பி. உப்பிலியபுரத்தில் விவசாயம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவர் எதற்கு எழ வேண்டும்? நான்தான் காலில் விழுந்திருக்க வேண்டும்.

"ஐயா, தப்பு என்னோடதுங்க. பழைய செய்தி..."

"தெரியுங்கம்மா. துறையூர்ல பஸ் மாறி ஏறினப்பவே ரெண்டாவது மெசேஜ் வந்துடுச்சு. தவறுதலா வந்தது, பொருட்படுத்த வேண்டாம்னு. அப்பவே எறங்கியிருக்கலாம். டிக்கெட் எடுத்துட்டோமேன்னு வந்துட்டேன்."

டிக்கெட் எடுத்துட்டோமேன்னு. ஐயோ, மாதாவே.

கோபப்பட்டால் தாங்கியிருப்பேன். அந்த மனுஷர் என்னைச் சமாதானப்படுத்துகிறார். "அவ செத்தது எனக்குத் தெரியாதாங்க? எம் பொஞ்சாதிக்காகத்தான் வந்தேன். ராசாத்தி பத்து மாசமா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. நேத்து மெசேஜைப் படிச்சுக் காட்டினேன். எழுந்திரிச்சு என் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டா. 'போயிட்டு வாங்க'ன்னா. பத்து மாசம் கழிச்சுப் பேசினவகிட்ட நான் எப்படிங்க போக மாட்டேன்னு சொல்றது?"

சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "இப்ப நான் வீட்டுக்குப் போயி அவகிட்ட என்னங்க சொல்றது? நீங்க வந்து சொல்றீங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வண்டியை விடுதியிலேயே போட்டுவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

மீதியை இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் மூச்சு வரும்.

பஸ் மண்ணச்சநல்லூர் தாண்டியது. அப்புறம் பேசினார், தோட்டத்து மரவள்ளியைப் பற்றி. நானும் ஊம் கொட்டினேன். உள்ளே வேறு ஓடிக்கொண்டிருந்தது. என்னவென்று ஆரம்பிப்பேன்? 'அம்மா, உங்க பொண்ணு திரும்பி வரலை' என்றா? அதைத்தான் ஒரு முறை சொல்லிக் கேட்டுவிட்டாளே. இரண்டாவது தடவை சொல்ல நான் யார்?

வாசலிலேயே நின்றிருந்தாள் ராசாத்தி. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தெருவைப் பார்க்கவில்லை. அதை அப்போதே கவனித்தேன், அர்த்தம் பிடிபடவில்லை.

"வாம்மா. வெயில்ல வந்திருக்கே. தண்ணி குடி."

அவர் கைகால் கழுவுகிறேன் என்று கிணற்றடிக்குப் போய்விட்டார். எனக்கு வழி விட்டார். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, அந்த மெசேஜ்..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசு. அவருக்குக் கேக்கப் போவுது." கிணற்றடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "எம் பொண்ணைக் கடைசியாக் குளிப்பாட்டி விட்டதே நான்தாம்மா. எனக்கா தெரியாது?"

"அப்புறம் ஏம்மா அவரைப் போகச் சொன்னீங்க?"

"பத்து மாசமா அந்த மனுஷன் காட்டுப் பக்கமே போகல. தாடியும் அதுவுமா கெடந்தாரு. நேத்து போனைப் பார்த்துட்டு எங்கிட்ட படிச்சாரு. படிச்சுட்டு நேரா போயி ஷேவ் பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறாரு. நம்பிட்டாரு போலன்னு நினைச்சேன். ஆசையா கெளம்புற ஆளை எப்படிம்மா தடுக்கிறது? அதான் சட்டையை இஸ்திரி போட்டுக் குடுத்தேன்."

அவளுக்காக அவர். அவருக்காக அவள். நடுவில் நான் அனுப்பிய ஒரு வரி.

இரண்டு பேரிடமும் இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. நான் ஏற்கெனவே சொன்னது போதும். சாப்பிடச் சொன்னாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு. அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டார். அவள் போட்டாள். அவரும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் அவரைப் பார்க்கவில்லை. நான் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு ராசாத்தி பஸ் நிறுத்தம் வரை வந்தாள். "வீட்ல யாரு இருக்கா?"

"தனியாத்தாங்க. தென்னூர்ல."

"போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு. இல்லாட்டி நெனைப்பு இங்கேயே நிக்கும்."

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். 'வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்' என்று அடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதைத்தானே அனுப்பினேன் அவளுக்கு? இதே மாதிரி ஒரு வரியைத்தானே? அழித்தேன். மறுபடி அடித்தேன். அழித்தேன். கை ஓடலை, சத்தியமா ஓடலை.

அவளே கூப்பிட்டாள். "என்னம்மா, வந்துட்டியா இல்லியா? ஒண்ணையும் காணோமே!"

"வந்துட்டேங்க" என்றேன். அழுதுவிட்டேன். அவள் வைக்காமல் இருந்தாள். அவளும் அழுதாளா என்று தெரியவில்லை. "சரி, சாப்பிட்டுப் படு" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

முதல்வர் விளக்கம் கேட்டார். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். டோனி, "உங்க மேல மட்டும் போட்டுக்காதீங்க மேடம்" என்றான். நாம் சிரித்தோமே டோனி, அதை எங்கே எழுதுவது என்று கேட்டேன். அவன் எழுந்து போய்விட்டான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கல்லூரியிலிருந்து வந்ததும் ராசாத்திக்கு 'வந்துட்டேன்மா' என்று போடுகிறேன். தினமும். சரியா தப்பா என்று யாரிடம் கேட்பது? பதிலுக்கு ஒரு 'சரி' வருகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

பழைய சர்வரை இன்று நிறுத்தினோம். அதற்கு முன் பெற்றோர் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். படித்து முடித்தவர்கள், விடுதியை விட்டவர்கள், எல்லோருடைய எண்களும் போக வேண்டும். நீக்கினால் 'தங்கள் எண் நீக்கப்பட்டது' என்று தானாக ஒரு அறிவிப்பு போகும். அதை முதலில் அணைத்தேன். பிறகு உப்பிலியபுரத்துக்கு நானே போன் செய்தேன். இதை இயந்திரம் சொல்லக் கூடாது.

நல்லதம்பிதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எடுத்துடுங்கம்மா. அவளும் நானும் பேசிட்டோம். அன்னிக்கு நீ நம்பினியான்னு கேட்டேன். நீங்க நம்பினீங்களான்னு கேட்டா. ரெண்டு பேரும் இல்லைன்னோம்." மூச்சை இழுத்து விட்டார். "அப்புறம் விடிய விடிய அழுதோங்க. பொண்ணு போனதுக்கப்புறம் சேர்ந்து அழுதது அன்னிக்குத்தான்."

அங்கே ராசாத்தி போனை வாங்கிக்கொண்டாள்.

"காலேஜுல இருக்கிற எங்க நம்பரை எடுக்கிறதுன்னா எடும்மா. இனிமே அது எங்களுக்கு எதுக்கு? நீ வீட்டுக்கு வந்ததும் போடுறதை மட்டும் நிறுத்திடாதே. ஆறு மணி தாண்டிட்டா இவரு போனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காரு."

எண்ணை நீக்கினேன். வேலை முடிய நேரமாகிவிட்டது, வீடு வரும்போது ஏழு. செருப்பைக்கூடக் கழற்றாமல் போட்டேன்.