சம்பந்தி வீட்டுச் சுடுதண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே கொளுத்தும் வெயில். கடைக் கதவைத் தூக்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மின்விசிறி நன்றாகப் போகிறது. ஹீட்டர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

கவிதா போன். மகள் கூப்பிட்டால் பேரனைப் பற்றித்தான் இருக்கும் என்று எடுத்தேன். இல்லை. தண்ணீர் சுடவில்லையாம்.

"வெதுவெதுன்னு வருதுப்பா, அப்புறம் பச்சைத் தண்ணிதான். அத்தை ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயம். அவள் மாமியார் மங்களம் அம்மா, வாய் திறந்து திட்டிவிட்டால் பாதி பாரம் குறையும்.

தலைப்பிரசவம் நம் வீட்டில். இது இரண்டாவது, பாயான் பாருவில் அவர்கள் வீட்டில். சுடுதண்ணீர் என் பொறுப்பு என்று நானே முன்வந்து, பழைய சின்ன ஹீட்டர்களைக் கழற்றிப் போட்டு, வீடு முழுவதற்கும் ஒரே தொட்டி மாட்டிக் கொடுத்தேன். பிள்ளை பிறக்கும் முன்பே. இனி அடுப்பில் தண்ணீர் வைக்க வேண்டாம் சம்பந்தியம்மா என்று பெரிய பேச்சு வேறு.

என் ஆள் குமாரை அனுப்பினேன். வந்து சொன்னது: டேங்க் நல்லா இருக்கு அண்ணே, உள்ளே தண்ணி கொதிக்குது. தொட்டியில் கொதித்தால் குழாயில் ஏன் வரவில்லை? சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை நாளை மாற்றிப் பார்க்கிறேன் என்றான்.

மார்ச் 4, புதன்

சப்ளையரிடம் போனில் சண்டை. நோன்பு மாதம், அங்கே ஆட்கள் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள், அதற்குள் பிடித்தாக வேண்டும். சாமான் நல்ல சாமான், மாட்டினதில்தான் கோளாறு என்கிறான். வேறு வீடாக இருந்தால் நானும் வாடிக்கையாளரிடம் இப்படித்தான் கை காட்டியிருப்பேன். சாமானைக் கேள், என்னைக் கேட்காதே என்று. பெண் கொடுத்த வீட்டில் அது நடக்காது.

குமார் போய் தெர்மோஸ்டாட் மாற்றினான். கம்பிச் சுருளும் புதிது. சாயங்காலம் நானும் போனேன். முதல் வாளி பரவாயில்லை. இரண்டாவது வாளி, குளத்துத் தண்ணீர்போல் சில்லென்று.

அப்போது பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. மங்களம் அம்மா மாடிப்படியில் ஏறுகிறார். முட்டி வலிக்குக் கட்டிய பட்டை. கையில் கொதிக்கும் வாளி. மேலே என் பெண், பச்சை உடம்பு, கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, வேணாம் அத்தை" என்கிறாள். ஓடிப் போய் வாங்கினேன்.

"நீங்க கஷ்டப்படாதீங்க சம்பந்தி. எங்களுக்கு அடுப்பு பழகிப் போச்சுலா."

இதற்குப் பதில் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். ஒரு கால் வழுக்கினால் என்ன ஆகும்? அந்த அம்மா வெந்து போவார், என் பெண் அந்த வீட்டில் காலத்துக்கும் தலை நிமிர முடியாது.

ராச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று மனைவி கேட்டாள், வெயில் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

கடையைப் பூட்டிவிட்டு நானே போனேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தேன்.

தொட்டிக்குள் தண்ணீர் போகும் வால்வை அடைத்தேன். அடைத்தால் வீட்டில் ஒரு சுடுதண்ணீர்க் குழாயிலும் சொட்டு வரக் கூடாது. கவிதா அறையில் திறந்தேன். வருகிறது. நிற்காமல், பச்சைத் தண்ணீர். அப்படியென்றால் வேறு எங்கோ இருந்து இந்தக் குழாய்க்குள் புகுகிறது. அந்த நிமிடமே பாதி நிம்மதி. தொட்டி மேல் பழி இல்லை.

ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக்கொண்டு போனேன். கொல்லைப்புறம், துணி துவைக்கும் இடம். பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் பாக்கியம் அக்கா அங்கேதான் மணை போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுகிறார். ஒரு கை பிள்ளையின் நெஞ்சைத் தாங்கும், ஒரு கைதான் மிச்சம். அதனால் குழாயில் ரப்பர் ஹோஸ், நுனியில் கழிப்பறைக்கு மாட்டுவோமே, அழுத்தினால் பீச்சும் ஸ்ப்ரே. சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் பிள்ளைக்குப் பதமாகத் திறந்து வைத்துவிட்டு, அதை மூடுவதே இல்லை. ஸ்ப்ரேயை விட்டால் நின்றுவிடுகிறதே! வெளியேதான் நிற்கிறது. உள்ளே இரண்டும் கைகோத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய் வழியாக மாடிவரை ஏறிவிடுகிறது.

குழாயை மூடினேன். மேலே கவிதா குரல்: "நின்னுடுச்சுப்பா."

மங்களம் அம்மா அக்கா பக்கம் திரும்பினார். "நீதானா? கெழவி முட்டி தேய ஏறி எறங்கினது ஒன்னாலயா?" அக்கா முகம் செத்துவிட்டது.

ஸ்ப்ரே புதிது, எங்கள் கடைச் சரக்கு. குமாருக்குப் போன் போட்டேன். "அக்கா கேட்டாங்க அண்ணே, ஒரு நிமிஷ வேலைதானே, சும்மா போட்டுக் குடுத்தேன்." தொட்டி மாட்டி முடித்த பிறகு இன்னொரு நாள் போய், எனக்குச் சொல்லாமல். நல்ல மனசு. அறிவுதான் இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அக்காவோடு போயிருக்கும். அந்த நினைப்பு வரவே இல்லை என்று எழுதினால் பொய்.

"அக்காவ விடுங்க சம்பந்தியம்மா. போட்டது எங்க ஆளு. தப்பு என் கடையோடது."

மங்களம் அம்மா, "மொதல்ல சட்டையப் போடுங்க, டீ ஆறுது" என்றார். அக்காவுக்கும் ஒரு கோப்பை வந்தது.

இன்னொன்று டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. வெயில் காலம், பச்சைத் தண்ணீர் அழுத்தம் அடிக்கடி குறைகிறது. குளிப்பாட்டும்போது அது சட்டென்று குறைந்திருந்தால், பீச்சியிருப்பது வெறும் கொதிநீர், பிள்ளை முதுகில். ஒன்றும் ஆகவில்லை. முருகா.

ஸ்ப்ரேயைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கிற வால்வு இரண்டு பக்கமும் மாட்டினேன். அக்காவை மணையில் உட்காரச் சொல்லி, உட்கார்ந்தபடியே முழங்கையால் மூடுகிற உயரத்துக்குக் குழாயை இறக்கினேன். அளவு எடுக்க மடியில் ஒரு தலையணை.

"இந்தப் பிள்ள அழ மாட்டேங்குதே" என்றார் அக்கா. மூன்று நாளில் முதல் முறை சிரித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

மழை வரும்போல் இருட்டி, வரவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் ஊரில் ஒரு வேலை, குமாரோடு நானும் போனேன். வழியில் திட்டவில்லை. எனக்குச் சொல்லாமல் ஒரு வாஷர்கூட மாட்டாதே என்றேன். சரி அண்ணே. பாலம் தாண்டும்போது, பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே அண்ணே என்று கேட்டான். இல்லைடா.

வாங்க வேண்டியது: வால்வு, டேப், வீட்டுக்குப் பூ.

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் நெய் மணக்கத் தோசை, மூன்று.

சாயங்காலம் கவிதா போன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அப்பா, அத்தை சொல்லச் சொன்னாங்க. தண்ணி ரொம்பச் சுடுதாம். கொஞ்சம் கொறச்சு வைக்கணுமாம்."

நான் போகட்டுமா அண்ணே என்றான் குமார். வேண்டாம், திருப்புளியைக் கொடு.