பம்புத் தண்ணீரில் அணைந்த வெளிச்சம்

அன்புள்ள அத்தாவுக்கு, நுஸைபாவின் ஸலாம். மூட்டுவலி தேவலையா? கொரியாவில் குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் வாட்ஸப்பில் எழுதுகிறேன்.

தண்ணீரில் ஈயம் இருந்தால் ஒளி மங்கிவிடும் நுண்துகளை இங்கே செய்திருக்கிறேன். நேற்று சோதனையில், கூத்தாநல்லூரிலிருந்து கொண்டுவந்த நம் வீட்டு பம்புத் தண்ணீரை, சுத்தமான தண்ணீர் என்று பெருமையாகச் சொல்லி ஊற்றினேன். லேபின் சுத்திகரித்த தண்ணீரில் மங்காத துகளின் நீல வெளிச்சம் இதில் அப்படியே அணைந்தது. "வேலை செய்யுது!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் அத்தா. அறைக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான், நீங்களும் அம்மாவும் தினமும் குடிப்பது அதைத்தானே என்று உறைத்தது.

பயப்படாதீர்கள், பழைய குழாயால்கூட இருக்கலாம். ஆனால் காய்ச்சினாலும் ஈயம் போகாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்குங்கள். இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

லேபுக்கு நேரமாகிறது. படித்ததும் கூப்பிடுங்கள். கைதட்டியதற்காகத் திட்டுவதற்கு என்றாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்,
நுஸைபா