உப்புப் போட்ட தேங்காய் பர்ஃபி

இன்று தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போன என்னை உன் பலகாரக் கடை வாசல் இழுத்து நிறுத்திவிட்டது. மலாய்த் தென்னை வெல்லமான குலா மலாக்கா உருகும் வாசம். நீ போய் ஒரு வருடமாகப் போகிறது, அந்த வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் மகள் ஓடி வந்து கையில் ஒரு பர்ஃபியைத் திணித்தாள். "ஆன்ட்டி, டேஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. அம்மா செஞ்ச மாதிரி வரவே மாட்டேங்குது. என்ன விட்டுப்போச்சுன்னே தெரியல லா."

ஓரத்தைக் கடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பு இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு முதல் நாள், பாசிர் ரிஸில் என் வீட்டு அடுப்படி. நாம் இருவரும் ஆர்டர் எடுத்த பர்ஃபிக்குத் தேங்காயும் போதவில்லை, சீனியும் போதவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், ஒரு கிண்ணம் துருவிய தேங்காயும் குலா மலாக்காவும் தந்தார். ஒண்டே ஒண்டே பலகார உருண்டைகளைப் புரட்டி எடுக்க அந்தத் தேங்காயில் அவர் உப்புப் பிசறி வைத்திருந்தது நமக்கு எப்படித் தெரியும்? கிளறிக் கொட்டி ஆறியதும் முதலில் வாயில் வைத்தவள் நீதான். "ஐயோ, உப்புடி!" என்று அலறினாய். அடுத்த விநாடியே இன்னொரு துண்டை எடுத்தாய். நின்றபடியே பாதித் தட்டைக் காலி செய்தோம்.

அந்தப் பர்ஃபிக்குப் பேர் வந்தது, நீ கடை போட்டாய். திறப்பு விழாவில் நான் தட்டும் கையுமாகப் பக்கத்தில் நிற்க, நீ மைக்கில் சொல்கிறாய்: "எங்க கொள்ளுத் தாத்தா தஞ்சாவூர் அரண்மனையில செஞ்ச பலகாரம் இது." அடிப்பாவி! தஞ்சாவூரில் குலா மலாக்கா எங்கே கிடைத்தது? உன் கொள்ளுத் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்று நீயேதான் எனக்குச் சொன்னாய்.

தனியாகக் கேட்டேன். "கதை இருந்தாதான்டி விக்கும். பக்கத்து வீட்டுத் தேங்காய்னு சொன்னா யார் வாங்குவா?" என்றாய். "சரி, என்னையாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன். நீ பெட்டிக்கு ரிப்பன் கட்ட ஆரம்பித்துவிட்டாய். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலாவது ஒரு வார்த்தை சொல்வாய் என்று உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். "டீ குடிச்சியா?" என்றுதான் கேட்டாய். கூடப் பிறந்தவள் மாதிரி பழகிவிட்டு இப்படிச் செய்தாயே என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உப்பைச் சொன்னால் மக்சிக்கையும் என்னையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தானே பெற்ற மகளிடம்கூட அதைச் சொல்லாமல் போனாய்?

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைக்கு வந்த யாரோ பர்ஃபியைப் பற்றிக் கேட்க, உன் மகள் அந்தத் தஞ்சாவூர்க் கதையை ஆரம்பித்தாள். "எங்க அம்மா சொல்வாங்க" என்று தொடங்கும்போது அவள் முகத்தில் எவ்வளவு பெருமை! நான் உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்?

"எனக்கும் தெரியலம்மா" என்றேன். செத்தும் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

மிச்சத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மீன் வாங்கவே மறந்துபோனது. அதே அடுப்படியில் நின்று, அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிச் சாப்பிட்டேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்டித் தீர்க்க நீ இல்லை. வாயில் இருந்தது நம்ம பர்ஃபிதான்டி.